வெள்ளை எலிகளும் சரசுவும்

5 மார்ச், திங்கள்

வெயில். காலையிலேயே தகரக் கூரை கை வைக்க முடியாத சூடு. எலிப் பெட்டிகள் மேல் சாக்கு நனைத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் காய்ந்து அப்பளம். மறுபடி நனைத்தேன்.

இன்று செய்தது: பெட்டிகளைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தது. கால்களுக்குக் கீழே மில்க் டின்னில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் மாற்றியது, எறும்புக்காக. எலிப் படுக்கைக்கு லாலான் புல் உலர்த்தியது. மத்தியானம் சாப்பிட மறந்தது.

அண்ணன் லேபரட்டரியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "துரை டாக்டருக்குக் குட்டி பத்தலையாம், பவளம். போன தடவ குடுத்ததும் நோஞ்சானாம்."

அங்கே ஒரு பக்கம் வெள்ளை அரிசி, ஒரு பக்கம் புழுங்கலரிசி போட்டு எலிகளை எடை பார்க்கிறார்கள். அண்ணன் அங்கே பியூன். எலி வளர்க்கும் பொறுப்பு அவர் பேரில். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் இடமில்லை என்று பெட்டிகள் எங்கள் பின்கட்டுக்கு வந்தன. வேலை என் கைக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெண் எலிகளுக்கெல்லாம் அஞ்சறைப்பெட்டிப் பேர். சீரகம், கடுகு, வெந்தயம், சோம்பு, மிளகு. எல்லாம் ஒரே வெள்ளை, அதனால் வாலில் மைப் புள்ளி. பெரிய ஆணுக்குத் தவுக்கே என்று பேர். சீன முதலாளி மாதிரித் தொந்தி.

கடுகு சரியில்லை. ரோமம் சிலிர்த்து நிற்கிறது, மூக்கோரம் சிவப்பு. முதலில் ரத்தம் என்று பயந்தேன். ரத்தமில்லை, நோவு கண்டால் அப்படிக் கசியும். போன ஈற்றில் இரண்டு குட்டியைத் தின்றுவிட்டது. விடாமல் நாலாவது ஈற்று.

8 மார்ச், வியாழன்

கடுகு போய்விட்டது.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூக்கை வைத்தபடி. மடியில் இரண்டு குட்டி இன்னும் சப்பிக்கொண்டு. அவற்றை எடுத்து மிளகிடம் விட்டேன். அண்ணன் கடுகை ரொட்டி டின்னில் போட்டு லேபரட்டரிக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் வந்து சொன்னது:

"துரை அறுத்துப் பாத்தாரு. வயித்துல இன்னொரு செட்டுக் குட்டி. உடம்புல பேருக்குக்கூடக் கொழுப்பு இல்ல. தீனி குறையல, ஓய்வுதான் குறைஞ்சிருக்குன்னாரு. ஒரு பக்கம் பாலு, ஒரு பக்கம் வயிறு. ஒரு உடம்பு எத்தனைக்குக் குடுக்கும்?"

பெற்ற அன்றைக்கே மறுபடி சினைப்படும் சாதி இது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தவுக்கேயைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. பத்தலை, பத்தலை என்றார்கள். பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

பாசாரில் கங்குங் கீரை வாடிப்போய். வாங்கவில்லை.

12 மார்ச், திங்கள்

இனிமேல் இப்படி:

வயிறு தெரிந்ததும் ஆண் வேறு பெட்டிக்கு. குட்டிகள் தானாகத் தின்னும் வரை தாய் பக்கம் வரக்கூடாது.
பால் மறந்த பிறகும் தாய்க்குச் சும்மா இருக்கும் நாட்கள். உடம்பு பழையபடி ஏறினால்தான் மறுபடி.
பால் கொடுப்பவளுக்குத் தனித் தீனி. அவித்த முட்டை, நெத்திலி, பாலில் நனைத்த ரொட்டி. தண்ணீர் எப்போதும். தாகமெடுத்தால்தான் குட்டி மேல் வாய் போகும்.
மூன்று மாதம் ஆகாத குட்டிப்பெண்ணை ஆணிடம் விடுவதே கிடையாது.

அண்ணனுக்குச் சிரிப்பு. "இப்படிப் பாத்துப் பாத்து விட்டா குட்டி எப்ப வரும்?"

"கொஞ்சம் கொறச்சலா வரும். ஆனா சாகாது."

பைப்படியில் தண்ணீருக்கு நிற்கும்போது பின்னால் யாரோ, என் காதில் விழட்டும் என்றே: "புள்ள பெறாதவ கையில எலி பெருகுது பாரு." குடம் நிறையும் வரை நின்றேன். நிறையாமல் எப்படி வருவது.

ஐந்து வருஷம் அக்கரையில், ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியின் பெண்டாட்டியாக. பிறகு அவர் "கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இரு" என்றார். நாலு வருஷமாகக் கொஞ்ச நாள். அங்கே கூலிகளை மேய்க்கும் மண்டோரின் மகளைக் கட்டினார் என்று கேள்விப்பட்டதும் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். அதற்குமுன் அடுக்கியதில்லை.

18 மார்ச், ஞாயிறு

வே. வந்தார். (வேலாயுதம் என்று முழுதாக எழுதக் கை வரவில்லை. வீட்டுக்காரர் என்றும் வரவில்லை. வே. போதும்.)

பெர்ரியில் வந்த களைப்பு, காலரெல்லாம் வியர்வை. இளைத்திருக்கிறார். காப்பி கொடுத்தேன். டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"சரசுக்கு மறுபடியும் ஆயிருக்கு." சரசு, அந்த மண்டோர் மகள்.

"கைப்புள்ளைக்கு எத்தனை மாசம்?"

"எட்டு."

"இதுக்கு?"

"அஞ்சு இருக்கும்கறான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். ஒடம்புல ரத்தமே இல்ல, டவுன் ஆஸ்பத்திரியில காட்டுங்கறான். இங்க எனக்கு வேற யாரு இருக்கா, பவளம்?"

மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். எட்டில் ஐந்து போனால் மூன்று.

உள்ளே இருந்து அண்ணன் சத்தம்: "வெக்கம்னு ஒண்ணு எந்தக் கடையில கிடைக்குதுன்னு கேளு, ரெண்டு கட்டி நிறுத்து வாங்கிக் குடுக்கலாம்."

வே. காதில் வாங்காதது மாதிரி எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "எலிக்கே பிரசவம் பாக்குறவ, உனக்கு இதெல்லாம் பெரிசா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.

20 மார்ச், செவ்வாய்

வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அண்ணன் சாப்பாட்டில் கை வைக்காமல்: "ஏன்? அதை மட்டும் சொல்லு."

அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன். அவளைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. ஊர் என்ன சொல்லும் என்பது இல்லை, ஊர் எப்படியும் சொல்லும். அவர் என்னிடம் வந்து கேட்டார் என்பதில் ஒரு அற்ப சந்தோஷம், அதுவும் உண்டு. எழுதிவிட்டேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

கைப்பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போதே அடுத்தது. அது மட்டும் நெஞ்சில் நிற்கிறது.

சீரகத்துக்கு வயிறு தெரிகிறது. தவுக்கேயைத் தனிப் பெட்டிக்கு மாற்றினேன். கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறான்.

24 மார்ச், சனி

வந்தாள். வே. ஜெட்டியில் ரிக்ஷா ஏற்றிவிட்டு அப்படியே திரும்பிவிட்டாராம்.

சின்னப் பெண். பதினெட்டு என்றார்கள், பதினாறு மாதிரி. உதடு சுண்ணாம்பு. நகம் வெள்ளை. காலில் விரலால் அழுத்தினால் குழி எழும்ப நேரமாகிறது. இடுப்பில் பெண் குழந்தை, மீனா. அவள் மட்டும் கொழுகொழு. எல்லாம் எங்கே போயிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிகிறது.

"அக்கா" என்றாள். காலில் விழ வந்தாள். குனிந்தால் மயக்கம் வரும், பிடித்து நிறுத்தினேன். முதன்முதல் அவளைத் தொட்டது அப்படி.

அவள் பெட்டியைத் திறந்தபோது அவருடைய சுருட்டு வாசனை. சமையல்கட்டுக்குப் போய்க் கொஞ்சம் நின்றேன். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

எலி என்றால் பயமாம். பின்கட்டுப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். குளிக்கும் அறை பின்கட்டில்தான். பார்ப்போம்.

28 மார்ச், புதன்

பிரசவ ஆஸ்பத்திரி. லேடி டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைத் தாள். இரும்பு மருந்து, ஆட்டு ஈரல், கீரை. கைப்பிள்ளைக்கு உடனே பால் நிறுத்த வேண்டும். நர்ஸ் தமிழில் சொன்னாள்: "ரெண்டு பேர் திங்கிறாங்க, இவ பட்டினி."

திரும்பும்போது ரிக்ஷாவில் கேட்டேன், அங்கே என்ன சாப்பிடுவாய் என்று.

"அவரு சாப்பிட்டு மிச்சம் இருக்கும்ல அக்கா."

"மிச்சம் இல்லாட்டி?"

"ரசம் இருக்கும்."

நானும் அப்படித்தான் ஐந்து வருஷம். எனக்குள்ளே கேட்பவர் யாரும் இல்லாததால் தாங்கியது.

பெங்காலிப் பால்காரரிடம் கூட ஒரு போத்தல் சொன்னேன், மீனாவுக்கு.

1 ஏப்ரல், ஞாயிறு

சீரகம் பெற்றது. பத்துக் குட்டி, எல்லாம் உயிரோடு, நல்ல செக்கச் சிவப்பு. ஆணைப் பிரித்து வைத்த பிறகு முதல் ஈற்று. வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரிகிறது ஒவ்வொன்றுக்கும், தோல் வழியாக. அதைப் பார்த்தால் போதும், தாய் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

சரசு குளிக்கப் போகிறவள் எட்டிப் பார்த்து அலறல். "அய்யோ, திங்குது அக்கா!"

"குட்டிய இல்ல. நஞ்சுக்கொடிய. அது அதுக்குப் பலம்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவில்லை. கடைசிக் குட்டி வரை பார்த்தாள். சீரகம் ஒவ்வொன்றாக நக்கி, வாயால் தூக்கி, புல்லுக்கு அடியில் வைத்தது.

"யாரும் இல்லாமயே பெத்துக்கிடுது" என்றாள்.

"ஆள் இருந்தாத்தான் பயப்படும். சாக்கு போட்டு மூடிட்டு நாம போயிடணும்."

மூடிவிட்டு வந்தோம். அவள் முதுகு தேய்த்துவிட்டேன். எலும்பு எண்ணலாம்.

8 ஏப்ரல், ஞாயிறு

வெந்தயம் பதின்மூன்று போட்டது. அத்தனைக்கு முலையில்லை. நாலைச் சோம்புவிடம் மாற்றினேன். அவளுக்கு ஐந்துதான். முதலில் சோம்புவின் படுக்கைப் புல்லால் குட்டிகளைத் தேய்க்க வேண்டும், வாசனை ஒன்றாகட்டும் என்று. சோம்பு முகர்ந்தாள், நக்கினாள், சேர்த்துக்கொண்டாள். சரசு மூச்சு விடாமல் பார்த்தாள். இப்போது பயம் போய்விட்டது. கீரை நறுக்கிக் கொடுக்கிறாள். ஓய்வுப் பெட்டிக்கு அண்ணன் வைத்த பேர் பென்ஷன் பெட்டி. இப்போது அவளும் அப்படியே சொல்கிறாள்.

மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தவுக்கேய ஏன் அக்கா தனியா வச்சிருக்கீங்க? பாவம், கம்பியக் கடிக்குது."

சொன்னேன். கடுகு செத்த கதையும் சொன்னேன். பால் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்.

முறத்தை நிறுத்திவிட்டாள். கல்லை எடுப்பது மாதிரி ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.

"எலிக்கு நீங்க இருக்கீங்க. சரி" என்றாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

எழுந்து தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தேன். எல்லாம் நிறைந்துதான் இருந்தன.

10 ஏப்ரல், செவ்வாய்

சரசுக்கு உதட்டில் கொஞ்சம் நிறம். ஈரலை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்கிறாள். இரண்டு வாய்க்கு ஒரு தரம் என்னைத் திட்டுகிறாள். திட்டத் தொடங்கியது நல்ல குறி.

13 ஏப்ரல், வெள்ளி. வருஷப்பிறப்பு

மாங்காய்ப் பச்சடி. அண்ணன் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் வந்தார். வாசலில் சரசு கோலம் போட்டாள், உட்கார்ந்தபடியே.

பத்து மணிக்கு வே. வந்தார். வேட்டி சட்டையெல்லாம் புதுசு. மீனாவைத் தூக்கிக் கொஞ்சினார். பிறகு: "சரசு, கிளம்பு. தோட்டத்துல திருவிழா. பெரிய கிராணி வீட்டம்மா எல்லாம் வர்றாங்க. வீடு நாறிக் கிடக்கு, வந்து பாத்துட்டு நாலு நாள்ல வந்துடு."

நான் அடுப்படியில் நின்றேன். லேடி டாக்டர் சொன்னதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. "டாக்டர் அலையக் கூடாதுன்னு" என்று தொடங்கினேன். "நாலு நாள்தானே" என்றார். அதற்குமேல் எனக்கு வரவில்லை. அவர் எதிரில் ஐந்து வருஷம் மூடிப் பழகிய வாய். தானாக மூடிக்கொண்டது.

சரசு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். மீனாவை வாங்கவில்லை.

"இவ இங்கயே இருக்கட்டும். இப்பத்தான் பால மறந்திருக்கா, அங்க வந்தா மறுபடி கேப்பா."

வே. ஏதோ முனகினார். சரசு என்னைப் பார்த்தாள். பிள்ளை இங்கே இருந்தால் அவர் அவளைத் திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும். அதை அவள் யோசித்துத்தான் சொன்னாள். முட்டாள் இல்லை இந்தப் பெண்.

16 ஏப்ரல், திங்கள்

மழை பெய்யலாம் போல மூட்டம். பெய்யவில்லை.

மீனா இரண்டு நாள் அழுதாள். இன்று இல்லை. கஞ்சியை என் கையிலிருந்து தின்றாள். என் விரலைக் கடித்தாள், கீழே இரண்டு பல். துணி உலர்த்தும்போது இடுப்பில் அவள் இருக்க ஒரு கைதான் மிச்சம், எல்லா வேலையும் பாதிப் பாதி. அண்ணன் அவளுக்கு ஓலையில் கிலுகிலுப்பை செய்திருக்கிறார். அவருக்கு இது வரும் என்றே எனக்குத் தெரியாது.

பைப்படியில் இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா, நியோன்யா, மட்டும் மீனா கன்னத்தைக் கிள்ளி மலாயில், "உன் பிள்ளையா?" இல்லை என்று சொன்னேன். சொல்ல ஒரு நொடி ஆனது.

19 ஏப்ரல், வியாழன்

நாலு நாள் போய் ஆறாகிவிட்டது. ஆள் வரவில்லை.

சீரகத்தின் குட்டிகள் கண் திறந்துவிட்டன. பத்தும் இருக்கின்றன. அண்ணன் சொன்னார், துரை கேட்டுச் சந்தோஷப்பட்டாராம்.

மீனா தூங்கும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறாள். எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெட்டிகளுக்குத் தீனி தாமதம். சந்தோஷமாக இருக்கிறேன். அவள் அங்கே என்ன ஆனாளோ என்று பயப்படும்போதே சந்தோஷமாகவும் இருக்கிறேன். இரண்டும் ஒரே சமயம். இதை எங்கே வைப்பது.

25 ஏப்ரல், புதன்

காலையில் ரிக்ஷா. சரசு சாய்ந்து கிடக்கிறாள், கூட வே. அவள் முகம் சாம்பல். இறங்க அவளால் முடியவில்லை. இறங்க வேண்டாம் என்றேன். புடவையில் உதிரம்.

"நேத்து திருவிழாக் கடைசி நாள் சமையலு. தண்ணி தூக்கினா" என்றார் வே. "தண்ணி தூக்காதேன்னுதான் சொன்னேன்."

யார் தூக்குவார்கள் என்று கேட்கவில்லை. மீனாவை நியோன்யாவிடம் கொடுத்துவிட்டு ரிக்ஷாவில் ஏறினேன். அவர் நடந்து வந்தார். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள். "பாப்பா சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டாள்.

26 ஏப்ரல், வியாழன்

மத்தியானம் பிறந்தது. ஆண். மூச்சு விடவில்லை. என் முழங்கை நீளம்தான்.

சரசு இருக்கிறாள். இருப்பாள் என்று டாக்டர் சொன்னார், சாயங்காலத்துக்கு மேல்தான் சொன்னார்.

பெட்டிகளை அண்ணன் பார்த்துக்கொண்டார். சோம்புவுக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டார். நல்லவேளை, நான் வந்து வைத்தேன்.

2 மே, புதன்

ஆஸ்பத்திரி. லேடி டாக்டர் வே.யை நிற்க வைத்துச் சொன்னார், நர்ஸ் தமிழில் மாற்றிச் சொன்னாள்: இன்னொன்று இப்போது வந்தால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. ஒரு வருஷமாவது போக வேண்டும். வே. தலையாட்டினார். வெளியே வந்து என்னிடம், "இவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்றார்.

அவர் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார். அதுவும் உண்மை. அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். கெட்டவர் இல்லை. யாரும் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை, அவ்வளவுதான். அவர் அம்மா சொன்னதில்லை. நான் சொன்னதில்லை.

6 மே, ஞாயிறு

சரசு வீட்டில். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லாத பால். மல்லிகைப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினேன். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. கட்டும்போது இரண்டு பேரும் அழுதோம். அவள் அவளுக்காக, நான் எதற்கென்று தெரியாமல்.

மீனா அவளிடம் தவழ்ந்து போனாள். ஒரு கையால் இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மீனா திரும்பி என்னையும் பார்த்தாள்.

11 மே, வெள்ளி

இரண்டு முட்டை தின்றாள். மூன்றாவதை வெந்தயத்துக்குப் போட்டாளாம். பொய் சொல்லவில்லை, அவளே வந்து சொன்னாள்.

துரை டாக்டர் சொல்லியனுப்பியது: வயசான பெண் எலிகளை வைத்திருக்க வேண்டாம், முடித்துவிடலாம். சீரகத்துக்கு அடிவயிற்றில் ஒரு கட்டி, உருட்டினால் நகர்கிறது. இனி குட்டிக்கு விடக்கூடாது. ஆனால் தின்கிறது, முகம் கழுவுகிறது, என் கை பார்த்தால் வருகிறது. அண்ணனிடம் சொன்னேன், பென்ஷன் பெட்டிக்குத் தீனி நான் போடுகிறேன், லேபரட்டரித் தீனி வேண்டாம்.

"துரைகிட்ட என்னன்னு சொல்ல?"

"முடியாதுன்னு சொன்னாள்னு சொல்லுங்க."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானும் அந்த வார்த்தையைக் கேட்டுக் கொஞ்சம் திடுக்கிட்டேன். என் குரலில் வந்ததா என்று.

20 மே, ஞாயிறு

வே. வந்தார். ரம்புத்தான் கொண்டுவந்தார், இன்னும் சீசன் சரியாக வரவில்லை, புளிப்பு.

"அடுத்த வாரம் அழைச்சிட்டுப் போறேன்."

நான் நின்றபடி சொன்னேன். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

"அனுப்ப மாட்டேன்."

"என்னது?"

"உடம்பு ஏறணும். டாக்டர் சொன்ன வருஷம் போகணும். அப்புறம் அவ இஷ்டம். அது வரைக்கும் இங்கதான் இருப்பா. நீங்க வந்து பாருங்க, சாப்பிடுங்க, புள்ளயத் தூக்குங்க. யாரும் வேண்டாங்கல."

"என் பொண்டாட்டிய அனுப்ப மாட்டேன்னு சொல்ல நீ யாரு?"

யார் நான்? அவருக்கு முதல் பெண்டாட்டி, அவளுக்கு என்ன?

உள்ளே இருந்து சரசு. கதவுக்குப் பின்னாலிருந்து, மெதுவாகத்தான்: "அக்கா சொன்னதுதான் நான் சொன்னதும்."

அவர் கதவையே பார்த்தார். அவள் வெளியே வரவில்லை. அண்ணன் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். வே. ரம்புத்தான் கட்டை மேசையில் விட்டுவிட்டுப் போனார். கோபமாகப் போகவில்லை. வழி தவறிவிட்டவர் மாதிரி வாசலில் ஒரு நொடி நின்று, ஜெட்டிப் பக்கம் திரும்பினார்.

உள்ளே போனேன். சரசு கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவள், "அக்கா, பசிக்குது" என்றாள்.

சோறு வடித்துக் கருவாடு வறுத்தேன். அண்ணனையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாருடைய மிச்சமும் இல்லை.

28 மே, திங்கள்

ஆள் வரவில்லை, செய்தியும் இல்லை. ஊர்க்கூட்டம் கூட்டப் போகிறார் என்று பைப்படிப் பேச்சு. கூட்டட்டும்.

லேபரட்டரிக்கு முப்பது குட்டி போனது. ஒன்றும் நோஞ்சான் இல்லை. பெட்டி கழுவும் வேலையைச் சரசு எடுத்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கன்னத்தில் சதை. கோபத்தில் முகம் சிவக்கிறது இப்போது, சிவக்க ரத்தம் இருக்கிறது.

அண்ணன் கேட்டார், ஒரு வருஷத்துக்கு அப்புறம் போய்விட்டால் என்ன செய்வாய் என்று. மீனாவைத்தான் கேட்கிறார். தெரியும். போனால் போவாள். புல்லை உதறினேன்.

3 ஜூன், ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம், கொடிமலைப் பக்கம் கருத்துக் கிடக்கிறது.

பதினொன்றுக்கு வே. வாசலில். குடை, மீனாவுக்குச் சட்டை, சரசுக்கு டின்னில் ஹார்லிக்ஸ். அழைத்துப் போகிறேன் என்று சொல்லவில்லை. உட்காரலாமா என்று கேட்டார். இந்த வீட்டில் அவர் கேட்டு உட்கார்ந்தது இதுதான் முதல்.

பின்கட்டுக்குப் போய்ச் சொன்னேன். சரசு முழங்கை வரை சோப்பு நுரையோடு பெட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரமான கைமேல் சோம்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"வேலையா இருக்கேன்னு சொல்லுங்க அக்கா. முடிச்சிட்டு வரேன். இருக்கச் சொல்லுங்க."

வந்து சொன்னேன். வே. தலையாட்டினார். மீனாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அரைமணியாகிறது. காப்பி ஆறிவிட்டது. பின்கட்டில் தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை, அவசரமும் இல்லை.

மழை வந்துவிட்டது. பெட்டிகளை உள்ளே இழுக்கப் போகிறேன்.